மூட்டை சுமக்கும் காருக்கு மினுக்கும் சக்கரம் எதற்கு?

விராலிமலை முருகனுக்கு வாகனம் மயில். அதற்கு டயர் இல்லை, ரிம் இல்லை, ஸ்டெப்னி இல்லை. மலையைச் சுற்றி இன்றைக்கும் மயில்கள் அகவிக்கொண்டுதான் இருக்கின்றன. பஞ்சர் கடைக்கு ஒன்றுகூட வந்ததில்லை!

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாலு சக்கரமும் சரியாக இருந்தால்தான் வீடு போய்ச் சேரலாம்.

இங்கே சொல்ல வருவது சின்ன எஸ்டேட் கார்களைப் பற்றி. 'ஸ்டேஷன் வாகன்' என்றும் சொல்வார்கள். முன்னால் பார்த்தால் சாதாரணக் கார். பின்னால் கூரை நீண்டிருக்கும். கதவை மேலே தூக்கினால் மூட்டை வைக்க இடம். 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. 2004-ல் டாடா இண்டிகோ மரீனா வந்தது. மாருதி பலேனோ அல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், பியட் வீக்கெண்ட் என்று மற்றக் கம்பெனிகளும் விட்டுப் பார்த்தன. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. இப்போது அந்த இடத்தை ஜீப் மாதிரி உயர்ந்து நிற்கும் வண்டிகள் பிடித்துக்கொண்டன.

ஆனால் பழைய எஸ்டேட் வண்டிகள் சாகவில்லை. கைமாறிக் கைமாறி, கடைக்காரர், விவசாயி, ஆபீஸ் குமாஸ்தா என்று நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. காலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை. மாலையில் பிள்ளைகளோடு கோயில். கல்யாண வீடு என்றால் அண்டா குண்டான் எல்லாம் அதில்தான். அஞ்சு பேரையும் ஏற்றி, பின்னால் சாமானையும் ஏற்றினால், "பாவம், வாயில்லாத ஜீவன்" என்று சொல்லத் தோன்றும்!

இந்த வண்டிக்குச் சக்கரம் மாற்ற வேண்டிய நாள் வருகிறது. பள்ளத்தில் விழுந்து டிஸ்க் வளைந்துவிட்டது. அல்லது துரு தின்றுவிட்டது. அல்லது நாலு டயரும் மொட்டை. கடைக்குப் போகிறோம். அங்கேதான் தப்பு ஆரம்பமாகிறது.

"அப்படியே உட்காரும்ணே!"

கடையில் வரிசையாக அலாய் வீல் தொங்குகிறது. வெள்ளி மாதிரி ஒன்று, கறுப்பில் ஒன்று, வைரம் பதித்த மாதிரி ஒன்று. கடைப் பையன் சொல்கிறான்:

"அண்ணே, உங்க வண்டிக்கு நாலு போல்ட்டு. இதுவும் நாலு போல்ட்டு. அப்படியே உட்காரும்ணே! பதினஞ்சு இஞ்ச் போட்டுட்டா வண்டியே புது வண்டி மாதிரி ஆயிடும்."

நாமும் மயங்கிவிடுகிறோம். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைதான் உண்மை: நாலு போல்ட். மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சக்கரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கக்கூடாது. எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். அதிலும் மூட்டை சுமக்கும் எஸ்டேட் காருக்கு முதல் எண், எடை எண். அழகு கடைசி.

நாலும் நாலுதானே?

போல்ட் துளைகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கின்றன. அந்த வட்டத்தின் குறுக்களவைத்தான் கடையில் 'பி.சி.டி.' என்கிறார்கள். நாலு துளை இருந்தால், எதிரெதிர் துளை இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றுக்கு இது 100 மில்லிமீட்டர். பழைய பியட் வண்டிகளுக்கு 98 மில்லிமீட்டர்.

வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேனரைப் போட்டு அழுத்தித் திருகினால் ஏறியும் விடும்! ஆனால் போல்ட் கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கும். நேராக உட்காராத போல்ட் ஓட ஓடத் தளரும். திருச்சி - மதுரை நாலு வழிச் சாலையில் 80 வேகத்தில் போகும்போது சக்கரம் தனியாக முந்திக்கொண்டு ஓடினால், பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் கதி என்ன?

அடுத்து நடுத்துளை. வண்டியின் அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் 'ஹப்' மீது டிஸ்க்கின் நடுத்துளை சரியாகப் பொருந்த வேண்டும். துளை சின்னதாக இருந்தால் ஏறவே ஏறாது. அது நல்லது, ஏமாற முடியாது. துளை பெரிதாக இருந்தால்தான் வம்பு. சக்கரம் ஏறிவிடும், ஆனால் நடுவில் நிற்காது. வேகம் கூடியதும் ஸ்டியரிங் கைநடுக்கம் கண்ட மாதிரி ஆடும். நாலு தடவை பாலன்ஸிங் செய்தாலும் தீராது. இடைவெளியை அடைக்க 'ஹப் ரிங்' என்று ஒரு வளையம் இருக்கிறது. பெரிய துளை என்றால் அதைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். "அது எதுக்குண்ணே?" என்று கடைக்காரர் கேட்டால், கடையை மாற்றுங்கள்.

வெறும் வண்டியில் உரசாது!

மூன்றாவது எண் 'ஆஃப்செட்'. டிஸ்க்கின் பின்பக்கம் இ.டி. 45, இ.டி. 38 என்று பொறித்திருக்கும். சக்கரம் வண்டிக்கு உள்ளே எவ்வளவு தள்ளி நிற்கும், வெளியே எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதை இந்த எண் சொல்கிறது. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். 45 இருந்த இடத்தில் 25 போட்டால், ஒரே அகல டிஸ்க்காக இருந்தாலும் சக்கரம் 20 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும்.

"அகலமா நின்னா கம்பீரமா இருக்கும்ணே" என்பார்கள். கம்பீரம் சரி, வீல் பேரிங் என்ன பாவம் செய்தது? சுமையை அது வெளியே தள்ளி நின்று தாங்க வேண்டியிருக்கிறது. அது தேயத் தேய 'ஊ' என்று சத்தம் வரும்.

எஸ்டேட் காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இதில் ஒன்று இருக்கிறது. கடையில் சக்கரம் மாட்டும்போது வண்டி வெறுமையாக நிற்கிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கை நுழைய இடம் இருக்கும். "பாருங்க, உரசலை" என்று காட்டி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் பின்சீட்டில் மூணு பேர், அதற்குப் பின்னால் ரெண்டு அரிசி மூட்டை. வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது. மட்கார்டு விளிம்பு இறங்கி வந்து டயரைச் சீவுகிறது. ஓரம் அறுபட்ட டயர் எங்கே, எப்போது வெடிக்கும் என்று ஜோசியர்கூடச் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு யோசனை. கடைக்குப் போகும்போதே நாலு பேராகப் போங்கள். பின்னால் ஒரு மூட்டையும் இருக்கட்டும். சக்கரம் மாட்டிய பிறகு எல்லோரும் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, ஒரு வேகத்தடை ஏறி இறங்கிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் அங்கேயே கழற்றிவிடலாம்.

எடை எண் எங்கே?

டயரின் பக்கவாட்டில் 175/65 ஆர் 14 82 டி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது டயரின் பக்கச் சுவர் உயரம். அகலத்தில் 65 சதவீதம். 14 என்பது டிஸ்க்கின் குறுக்களவு, இஞ்சில். இது பலருக்கும் தெரியும்.

கடைசியில் வரும் 82-ஐத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதுதான் எடை எண். 82 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 475 கிலோ. 84 என்றால் 500 கிலோ. 79 என்றால் 437 கிலோ. 75 என்றால் 387 கிலோ. அதற்கு அடுத்த எழுத்து வேகத்துக்கு: டி என்றால் 190 கிலோமீட்டர் வரை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் சாமானும் ஏறிய ஒரு எஸ்டேட் காரின் மொத்த எடை 1,600 கிலோ என்று வையுங்கள். மூட்டை பின்னால் இருப்பதால் பின் அச்சில் 850 கிலோ இறங்குகிறது. ஒரு சக்கரத்துக்கு 425 கிலோ. 82 போட்ட டயர் தாங்கும். 79 போட்டது மூச்சு வாங்கும். 75 போட்டது? ரப்பர் சூடேறி, மே மாத வெயிலில் தார் ரோட்டில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டயருக்கு மட்டுமல்ல, டிஸ்க்குக்கும் எடை எண் உண்டு. நல்ல அலாய் வீலின் பின்பக்கம் 'மேக்ஸ் லோடு' என்று கிலோக் கணக்கு வார்த்திருப்பார்கள். ஜப்பான் தர அடையாளமான ஜே.டபிள்யூ.எல். முத்திரையும் பலவற்றில் இருக்கும். நம் நாட்டில் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ரிம்முக்கும் தரக்கட்டுப்பாடு வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. முத்திரையும் இல்லை, எடை எண்ணும் இல்லை என்றால் அந்தச் சக்கரம் சுவரில் தொங்கத்தான் லாயக்கு.

பெரிசு போட்டால் என்ன?

14 இஞ்சை எடுத்துவிட்டு 15 போடலாமா? போடலாம்; டயரின் மொத்த உயரம் மாறாமல் இருந்தால்.

175/65 ஆர் 14 டயரின் மொத்தக் குறுக்களவு 583 மில்லிமீட்டர். 185/55 ஆர் 15 போட்டால் 584 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதேதான். ஆனால் 195/55 ஆர் 16 போட்டால் 621 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆறரை சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ல் போய்க்கொண்டிருக்கும்! ஏற்றத்தில் இழுவை குறையும். சுமையோடு புறப்படும்போது கிளட்ச் தேயும்.

உயரம் சரியாக வந்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. டிஸ்க் பெரிதாகும்போது டயரின் சுவர் குட்டையாகிறது. 175/65 ஆர் 14-ல் சுவர் 114 மில்லிமீட்டர். 185/55 ஆர் 15-ல் 102 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்கும் மெத்தை அந்தச் சுவர்தான். நாலு வழிச் சாலையில் மட்டும் ஓடுகிறவருக்குப் பரவாயில்லை. இலுப்பூர் பக்கமும் மணப்பாறை பக்கமும் கிராமத்துக் குறுக்கு ரோட்டில் சுமையோடு போகிறவருக்கு அந்த 12 மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

இரும்பா, அலாயா?

இரும்பு டிஸ்க் பள்ளத்தில் விழுந்தால் வளையும். பெரும்பாலும் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் எடை குறைவு, பார்க்க அழகு, பிரேக் சூடும் சீக்கிரம் ஆறும். ஆனால் பலமாக அடி வாங்கினால் கீறல் விடும். கீறல் விட்டதை வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்து "புதுசு மாதிரி" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய அலாய் வாங்குகிறவர்கள் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: மூட்டை ஏற்றும் எஸ்டேட் காருக்குக் கம்பெனி அளவில் இரும்பு டிஸ்க்கே போதும். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இரும்புச் சக்கரம் நம் மாநிலத்துக்குப் புதிய தொழிலும் அல்ல. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா கம்பெனி ஆரம்பித்தது 1960-ல். அலாய்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன எண்கள் எல்லாம் பொருந்தும் அலாய் வாங்குங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

"வண்டியே நின்னுபோச்சு, டிஸ்க் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பீர்கள். சின்ன எஸ்டேட் கார்கள் பெரும்பாலும் ஒரு சாதாரணக் காரின் உடன்பிறப்புகள். மரீனாவுக்கு இண்டிகோ, ஸ்விங்குக்குக் கோர்சா, அல்டுராவுக்குப் பழைய பலேனோ. அந்த வண்டிகளின் டிஸ்க்கை எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். உள்ளூரில் காயலான் கடை, இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. பழையது வாங்கினால் துரு, வளைவு, போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். துளை தேய்ந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டெப்னியை மறக்காதீர்!

வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1904 வாக்கில் அங்கேதான் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருப் பேரையே நாம் இன்றைக்கும் பஞ்சர் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஸ்டெப்னியை வைத்து ஒரு வம்பு வரும். அலாய்க்குப் போடும் போல்ட்டும் நட்டும் வேறு. இரும்பு டிஸ்க்குக்கு வேறாக இருக்கலாம். நாலு சக்கரமும் அலாய், ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு என்றால், பழைய நட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். துணிப் பையில் கட்டி ஜாக்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் புரியும் அதன் அருமை!

இரண்டு டயர்தான் மாற்ற வசதி என்றால், புது டயரைப் பின்னால் போடுங்கள். முன்னால் போட வேண்டும் என்பது பழைய பேச்சு. மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதிலும் பின்னால் சுமை. பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டையைத் தொட்டால் அந்த டயருக்கு ஆயுசு முடிந்தது. பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வருஷக்கணக்காகக் கடையில் காய்ந்த டயரைப் புதுசு என்று தலையில் கட்ட விடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வரியைச் சொல்லி விலை கேட்டால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். பஞ்சர் கடையில் அஞ்சு நிமிஷ வேலை.

பில்லில் எழுதிக் கொடு!

இத்தனையும் வாடிக்கையாளர் படித்துக்கொண்டுதான் சக்கரம் வாங்க வேண்டுமா? மார்க்கெட்டில் இருந்து அவசரமாக ஓடி வருகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? நியாயமான கேள்வி.

அதனால்தான் ஒரு கோரிக்கை. சக்கரம் விற்கும் ஒவ்வொரு கடையும் பில்லில் ஐந்து விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட், டிஸ்க்கின் எடை எண், டயரின் எடை எண். பக்கத்தில் வண்டிப் பெயரும் நம்பரும். ஒரு வரிதான். மாத்திரை விற்கும் கடைக்காரர் பில்லில் பேச் நம்பர் போடவில்லையா? சக்கரமும் உயிர் சமாசாரம்தானே?

"பில்லு போட்டா வரி வருமேண்ணே" என்று இழுப்பார்கள். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். நாளைக்கு டிஸ்க் உடைந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்கக் கையில் ஒரு காகிதமாவது வேண்டாமா?

போக்குவரத்து அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பதினைந்து வருஷம் தாண்டிய எஸ்டேட் கார்கள் பதிவைப் புதுப்பிக்க வரும்போது, லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்பதோடு சக்கரத்தின் எண்ணையும் ஒரு பார்வை பார்க்கலாமே! அபராதம் போடச் சொல்லவில்லை. "இந்த டயர் உன் சுமைக்குத் தாங்காது, மாற்றிவிட்டு வா" என்று சொன்னால் போதும். ஒரு குடும்பம் தப்பிக்கும்.

அதுவரை நம் காவலை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, சுமையோடு ஒன்று என்று காற்றழுத்தம் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பழைய வண்டியில் ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் கையேட்டில் இருக்கும். அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் சக்கரத்தின் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். அது மினுக்கும். நீங்கள் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்கள் அங்கேதான் இருக்கின்றன.